பாக்லோஃபென் மிகையாகி மனம் தடுமாறினால்: குடும்பத்தின் முன் இருக்கும் வழிகள்

சிறுநீரகக் கோளாறு உள்ள ஒரு பெரியவருக்கு விக்கல் நிற்கவில்லை. பக்கத்து கிளினிக்கில் பாக்லோஃபென் என்னும் தசை தளர்த்தி மாத்திரையை 10 மி.கி. மூன்று வேளைக்கு எழுதித் தருகிறார்கள். விக்கல் நின்றுவிடுகிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவர் அங்கே இல்லாத யாருடனோ பேசத் தொடங்குகிறார். மகளைப் பார்த்து "நீ யாரும்மா?" என்கிறார். மருந்து கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் உலுக்கினாலும் விழிக்காத தூக்கம்.

வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பார் ஒருவர். மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம் என்பார் இன்னொருவர். வயசாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது, மனநல டாக்டரிடம் காட்டுவோம் என்று ஒரு யோசனை வரும். காத்துக் கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போகும் வீடுகளும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது பெரும்பாலும் கடைசி யோசனையாகத்தான் வருகிறது.

அந்தக் கடைசி யோசனைதான் முதலில் வரவேண்டும் என்பது என் முடிவு. மற்ற வழிகள் ஏன் தோற்கின்றன, எந்த நிலையில் எது பாதிக்குப் பாதியாவது பொருந்தும் என்பதை விளக்கினால்தான் இந்த முடிவை வீட்டில் எடுத்துச் சொல்ல முடியும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

மருந்து மூளையில் செய்யும் வேலை

பாக்லோஃபென் 1962-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து சீபா நிறுவனத்தில் வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்டது. வலிப்புக்கு அது உதவவில்லை. ஆனால் இறுகிய தசை தளர்வது தெரிந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கும், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நரம்பு நோய் உள்ளவர்களுக்கும், பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் விறைத்துப் போனவர்களுக்கும் இன்றுவரை பயன்படுகிறது. தசை தளர்த்தி என்று பெயர் இருந்தாலும் இது தசையைத் தொடுவதே இல்லை. முதுகுத்தண்டிலும் மூளையிலும் உள்ள காபா-பி என்னும் ஏற்பிகளை (நரம்புச் செல்கள் செய்தி வாங்கும் இடங்களை) தூண்டி, நரம்புச் செய்திகளின் வேகத்தைக் குறைக்கிறது. அளவு மீறினால் முதலில் குழம்புவது மனம்தான் என்பதற்கு இதுவே காரணம்.

உடலுக்குள் போன பாக்லோஃபெனில் ஏறத்தாழ முக்கால் பங்கு எந்த மாற்றமும் இல்லாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. கல்லீரலுக்கு இதில் சிறு பங்குதான். சிறுநீரகம் பழுதானவருக்குள் போகும் மாத்திரை வடிகால் அடைத்த தொட்டியில் விழும் தண்ணீர். ஒவ்வொரு வேளையும் முந்தைய வேளையின் மீதேதான் சேர்கிறது. அதனால்தான் இந்த மருந்தில் 'ஓவர்டோஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கைநிறைய விழுங்கியது ஒன்று. சீட்டில் எழுதிய அளவையே பிசகாமல் சாப்பிட்டவருக்கு அது தேங்கித் தேங்கி நஞ்சானது இன்னொன்று. நம் வீடுகளில் கண்ணில் படாமல் நடப்பது இரண்டாவது வகை.

இது ஊகம் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள, புதிதாக பாக்லோஃபென் எழுதப்பட்ட முதியவர்கள் 15,942 பேரின் ஆவணங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். நாளுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களில் 1.11 சதவீதம் பேர் மூளைக் குழப்பத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 20 மி.கி.க்குக் குறைவாக எடுத்தவர்களில் அது 0.42 சதவீதம். பாக்லோஃபெனே எடுக்காத சிறுநீரக நோயாளிகளில் வெறும் 0.06 சதவீதம். 20 மி.கி. என்பது இந்த மருந்தில் மிகச் சாதாரண அளவு; வழக்கமான உச்சவரம்பே நாளுக்கு 80 மி.கி. என்பதை நினைவில் கொண்டால் இந்த எண்களின் கனம் புரியும்.

குழப்பம் வரும் விதமும் தனி. முதலில் சோர்வு, நாக்குழறல், நடையில் தள்ளாட்டம். பிறகு நாள், இடம், ஆள் தெரியாமல் போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பது போன்ற காட்சிப் பிரமைகள் வரும். படபடப்பும் ஆக்ரோஷமும் ஒரு மணி நேரம், அசைவற்ற மயக்கம் அடுத்த மணி நேரம் என்று மாறி மாறி ஓடும். இரவும் பகலும் இடம் மாறும். இன்னும் ஏறினால் வலிப்பு, இதயத் துடிப்பு குறைதல், உடல் குளிர்தல், மூச்சு மந்தமாதல், கடைசியாகக் கோமா. அந்தக் கோமா எவ்வளவு ஆழமாகப் போகும் என்றால், கண்பாவை வெளிச்சத்துக்கு அசையாமல், இருமல் அனிச்சை கூட இல்லாமல், மூளைச்சாவு என்று எண்ணும் அளவுக்குப் போன நோயாளிகள் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மூளைச்சாவு அறிவிக்கும் முன் மருந்தின் தாக்கம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த மருந்து ஒரு சாட்சி. குடும்பத்தாருக்கு இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது: மூச்சைக் காப்பாற்றிக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் முழுத் தெளிவோடு திரும்புகிறார்கள்.

தூங்கி எழட்டும் என்று காத்திருப்பது

இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு, மருத்துவர் அளவைக் கூட்டிய முதல் நாளில் வெறும் தூக்கக் கலக்கம் மட்டும் இருந்து, கூப்பிட்டால் தெளிவாகப் பதில் சொன்னால், மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு அடுத்த வேளையைப் பற்றி முடிவெடுக்கலாம். அதைத் தாண்டி ஒரு சிறு பிதற்றல் வந்தாலும் இந்த வழி மூடிவிடுகிறது.

காரணம் நேரக் கணக்கு. ஆரோக்கியமான சிறுநீரகம் இருந்தால் இரத்தத்தில் உள்ள பாக்லோஃபென் சில மணி நேரத்தில் பாதியாகும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதற்கே அரை நாளுக்கு மேல் பிடிக்கலாம். அதோடு, இரத்தத்தில் அளவு குறைந்த பிறகும் மூளையில் அது மெதுவாகத்தான் வடிகிறது. வீட்டில் 'நன்றாகத் தூங்குகிறார்' என்று நினைக்கும் அந்த இரவில்தான் நாக்கு பின்னால் சரிந்து, எச்சிலோ வாந்தியோ மூச்சுக்குழாயில் போகிறது.

காத்திருக்கும்போது செய்யும் கைவைத்தியம் இன்னும் மோசம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதை தயவுசெய்து விடுங்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழைப்பதுதான் வீட்டில் செய்யவேண்டிய முதலுதவி. மந்திரிக்கப் போவதைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை; விபூதி பூசிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறலாம், அதற்காக ஒரு மணி நேரத்தை இழக்கக்கூடாது.

மாத்திரையை நாமே நிறுத்துவது

இந்த வழிதான் அறிவுள்ளவர்களையும் ஏமாற்றுவது. மாத்திரையால் வந்தது என்றால் மாத்திரையை நிறுத்தினால் போயிற்று என்பது நேரான தர்க்கம். மூன்று நாளாக மட்டும் சாப்பிட்டு வந்த விக்கல் நோயாளிக்கு அது சரியும்கூட: அடுத்த வேளையைக் கொடுக்காமல், அட்டையோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டு வருபவருக்கு அதே செயல் உயிரை எடுக்கக்கூடியது.

நீண்ட நாள் பாக்லோஃபெனுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றால் கட்டவிழ்ந்து கொதிக்கிறது. வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் பிரமை, பயம், சந்தேகம், தூக்கமின்மை, வலிப்பு, கடும் காய்ச்சல், முன்பைவிட மோசமான தசை இறுக்கம் எல்லாம் வரும். தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அளவுக்கும் போகும். முதுகுத்தண்டுக்குள் பம்ப் வழியாகச் செலுத்தப்படும் பாக்லோஃபெனைத் திடீரென நிறுத்தக்கூடாது என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆகக் கடுமையான, கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே இருக்கிறது. இறப்புகள் நடந்த பிறகு வந்த எச்சரிக்கை அது.

அதிகமானாலும் பிரமை, நின்றாலும் பிரமை. அதிகமானாலும் வலிப்பு, நின்றாலும் வலிப்பு. வாசலில் நின்று பார்க்கும் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் வைத்தியம் நேர் எதிர்: ஒன்றில் மருந்தை வெளியேற்ற வேண்டும், மற்றதில் மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பிரித்தறியச் சில தடயங்கள் உண்டு. மிகையானவரின் தசை துவண்டு கிடக்கும், உடல் குளிரும், நாடி மெதுவாக ஓடும், பிதற்றலுக்கு நடுவே தூக்கம் இழுக்கும். நின்றுபோனவரின் தசை விறைக்கும், உடல் கொதிக்கும், நாடி பறக்கும், கண் மூடாது. நூற்றுக்கு நூறு இப்படிப் பிரியாது என்பதால் இதை வைத்து வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் இதைச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அதைவிடப் பெரிய உதவி மாத்திரை அட்டை. எத்தனை மி.கி., எந்தத் தேதியில் வாங்கியது, எத்தனை மாத்திரை மீதம் என்று எண்ணிப் பார்த்தால், கூடிப்போனதா விட்டுப்போனதா என்பது பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும். பாக்லோஃபென் 5, 10, 25 மி.கி. என்று ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்து எண்களோடு வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் 10-க்குப் பதில் 25 கைமாறி வந்தால், சாப்பிடுபவர் எந்தத் தவறும் செய்யாமலே இரண்டரை மடங்கு சாப்பிடுகிறார். அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.

மனநல மருத்துவரிடம் முதலில் போவது

மனநல மருத்துவத்தின் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. நம் ஊரில் அதற்கு இன்னும் தயங்குகிறார்கள் என்ற வருத்தமும் உண்டு. இருந்தாலும் இந்த ஒரு நிலைமையில் அது முதல் வாசல் அல்ல.

அறுபது வயதுவரை நிதானமாக வாழ்ந்தவருக்கு இரண்டே நாளில் மனநோய் முளைப்பது மிக அரிது. மனச்சிதைவு போன்ற நோய்களில் காதில் குரல் கேட்பதுதான் அதிகம். ஆளுக்கு நாள், இடம், உறவு எல்லாம் தெரிந்தே இருக்கும். மருந்தால் வரும் குழப்பத்தில் கண்ணுக்குக் காட்சி தெரிவதும், கவனம் நிற்காததும், காலையில் தெளிந்து மாலையில் மோசமாவதும், விழிப்பே மங்கிப் போவதும் அதிகம். இந்த வேறுபாட்டை நல்ல மனநல மருத்துவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து நோயாளியை அவசர சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார். ஆபத்து, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு நாளில் இருக்கிறது. அல்லது, யாரோ சொன்னார்கள் என்று ஆளை அடக்க வீட்டில் கொடுக்கும் தூக்க மாத்திரையில் இருக்கிறது.

டயசெபம் போன்ற மாத்திரையை பாக்லோஃபென் மிகையானவருக்கு வீட்டில் கொடுத்தால், ஏற்கனவே மந்தமான மூச்சு மேலும் மந்தமாகும். அதே டயசெபம் வகை மருந்துதான், பாக்லோஃபென் திடீரென நின்றுபோன நோயாளிக்கு ஐ.சி.யூ.வில் மானிட்டர் வைத்துக் கொடுக்கப்படும் மருந்து. யாருக்கு, எந்த நிலையில், எந்தக் கட்டிலில் என்பதைப் பொறுத்து ஒரே மாத்திரை விஷமும் மருந்தும் ஆகிறது. ஆக்ரோஷத்துக்குத் தரப்படும் மனநோய் மருந்துகள் சிலவும் வலிப்பைத் தூண்டக்கூடியவை.

மனநல மருத்துவர் தவிர்க்க முடியாதவராகும் நிலைமை வேறொன்று. வேண்டுமென்றே விழுங்கியவரின் நிலைமை. அதற்குக் கீழே வருகிறேன்.

அவசர சிகிச்சையுள்ள மருத்துவமனை

இதிலும் தேர்வு உண்டு. பக்கத்தில் இருக்கும் சிறிய நர்சிங் ஹோமா, சற்றுத் தொலைவில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா? மூச்சு திணறுகிறது, வலிப்பு நிற்கவில்லை என்றால் எது அருகிலோ அதுதான். அங்கே மூச்சுக்கு வழிசெய்த பிறகு மாற்றலாம். ஆள் குழம்பியிருக்கிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால், வென்டிலேட்டரும் டயாலிசிஸும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்கு நேராகப் போவது மேல். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரண்டும் உண்டு. கையில் காசு இல்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

அங்கே என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அங்கேயும் கையெழுத்துப் போட வேண்டிய முடிவுகள் வரும். பாக்லோஃபெனுக்கு முறிவு மருந்து கிடையாது. டயசெபம் வகைக்கு முறிவாகும் ஃப்ளூமசெனில் இதில் நம்பத்தக்கதாக வேலை செய்வதில்லை. அது காபா-ஏ ஏற்பியின் சாவி, பாக்லோஃபென் உட்காருவதோ காபா-பி. அதனால் சிகிச்சை என்பது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காத்து, மருந்து வெளியேறும்வரை ஆளைத் தாங்கிப் பிடிப்பதுதான். 'ஒன்றுமே செய்யாமல் சும்மா படுக்கவைத்திருக்கிறார்கள்' என்று கோபப்படும் உறவினர்களைப் பார்க்கும்போது இதை யாராவது அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றும். அந்தத் தாங்கல்தான் சிகிச்சை.

அடுத்த கேள்வி டயாலிசிஸ். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை, சிறுநீரகமே அந்த வேலையைச் செய்துவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குக் குழப்பமோ கோமாவோ வந்திருந்தால், குறிப்பாக வென்டிலேட்டர் வரை போயிருந்தால், டயாலிசிஸ் பக்கம் சாய்வதுதான் நியாயம். பாக்லோஃபென் சிறிய மூலக்கூறு, இரத்தப் புரதத்தோடு அதிகம் ஒட்டாதது. டயாலிசிஸ் இயந்திரம் அதைச் சுலபமாக வடிகட்டுகிறது. ஒரு முறை செய்ததும் பேச்சு திரும்பியவர்கள் உண்டு. மூளையிலிருந்து மெதுவாக வடிவதால் இரண்டு மூன்று முறை தேவைப்பட்டவர்களும் உண்டு. ஏற்கனவே வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் இருப்பவரின் குடும்பம் 'நாளை மறுநாள்தானே முறை, அப்போது பார்ப்போம்' என்று தள்ளக்கூடாது. அன்றைக்கே செய்யமுடியுமா என்று கேட்க வேண்டும். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மருந்து வெளியேறும் வேகம் குறைவு. அவர்களுக்குத் தற்காலிகமாக இரத்த டயாலிசிஸ் சொல்லப்பட்டால் தயங்க வேண்டாம்.

இன்னொரு கண்ணி கடைசி நாட்களில் இருக்கிறது. பல மாதங்களாக பாக்லோஃபென் எடுத்துவந்த ஒருவர் மிகையால் மயங்கி, தெளிந்து, வார்டுக்கு வந்த மூன்றாம் நாள் மறுபடி பிரமை பிடித்துக் கத்துகிறார் என்றால், அது புதிய மனநோய் என்று நினைத்துவிடக்கூடாது. மருந்து முழுவதும் வெளியேறியதால் வந்த எதிர்விளைவாக இருக்கலாம். குறைந்த அளவில் திரும்பத் தொடங்குவதா என்பதை மருத்துவர்கள் அப்போது யோசிப்பார்கள். 'விஷமாகப் போன மாத்திரையையே மறுபடி கொடுக்கிறார்களே' என்று சண்டை போடாமல், முன்பு எத்தனை மாதம், எத்தனை மி.கி. எடுத்தார் என்ற கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள்.

வேண்டுமென்றே விழுங்கியிருந்தால்

தசை இறுக்கத்தோடு வாழ்பவர்கள் பெரும்பாலும் நீண்ட வலியோடும், பிறரைச் சார்ந்திருக்கும் வேதனையோடும் வாழ்பவர்கள். மனச்சோர்வு அவர்களிடம் அதிகம். குடியை நிறுத்துவதற்காகவும் பாக்லோஃபென் கொடுக்கப்படுகிறது, முக்கியமாகக் கல்லீரல் கெட்டவர்களுக்கு. அங்கேயும் மனச்சோர்வும் குடியும் கூடவே நிற்கின்றன. குடியோடு இந்த மருந்து சேர்ந்தால் மயக்கமும் மூச்சு மந்தமும் பல மடங்காகும்.

இந்த நிலையில் குடும்பங்கள் உண்மையை மறைக்கின்றன. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். 'தெரியாமல் இரண்டு கூடப் போட்டுவிட்டார்' என்று சொல்வார்கள். மருத்துவர் அந்தக் கணக்கை நம்பி வார்டில் படுக்கவைப்பார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. மருத்துவமனை காவல்நிலையத்துக்குத் தகவல் அனுப்பலாம், யாராவது வந்து வாக்குமூலம் கேட்கலாம். அதற்குப் பயந்து எண்ணிக்கையை மறைக்காதீர்கள்.

தெளிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிச்செல்வதும், மனநல மருத்துவரைப் பார்த்த பிறகு போவதும் என்ற இரண்டில் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். மனம் தளர்ந்திருப்பவர், அவரைப் பார்த்துக்கொள்பவர் இருவரும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மீண்ட பிறகு எதைச் சாப்பிடுவது

முதல் கேள்வி எதற்காக என்பது. விக்கலுக்காக என்றால் சிறுநீரக நோயாளிக்கு பாக்லோஃபெனைத் திரும்பத் தொடுவதற்கு நான் எந்த நியாயமும் பார்க்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வரும் விக்கல் பல நேரம் உடலில் யூரியா ஏறியதன் அறிகுறி. டயாலிசிஸைச் சரிசெய்தால் குறையும். மெட்டோகுளோப்ரமைடு, குளோர்ப்ரோமசைன் என்று மாற்று மருந்துகள் உண்டு, அவற்றுக்கும் அளவுக் குறைப்பும் கண்காணிப்பும் தேவை. காபாபென்டின் என்ற நரம்புவலி மருந்து எழுதப்பட்டால் கவனம்: அதுவும் சிறுநீரகம் வழியாகவே போவது, அதுவும் தேங்கினால் மனம் குழம்பும். காபாபென்டின் அல்லது அதே வகையான ப்ரீகாபலினோடு பாக்லோஃபெனும் ஒரே சீட்டில் இருந்தால் மருத்துவரிடம் மறுபடி ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இடுப்புவலிக்காக என்றால் எந்தத் தசை தளர்த்தியும் தேவையா என்றே கேட்க வேண்டும். 2021-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நூறு புள்ளி அளவுகோலில் வலி குறைந்தது எட்டுப் புள்ளிக்கும் கீழே, அதுவும் முதல் இரண்டு வாரத்தில். நம் மெடிக்கல் ஷாப்புகளில் வலி மாத்திரையோடு சேர்த்தே விற்கும் தயோகோல்சிகோசைடு என்ற தசை தளர்த்தியை, ஏழு நாளுக்கு மேல் வாய்வழியாகத் தரக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் வரையறுத்தது. எட்டுப் புள்ளிக்காக மனத்தைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

உண்மையான தசை இறுக்கம் உள்ளவருக்குத்தான் தேர்வு கடினம். டிசானிடின் ஒரு மாற்று. அது வேறு வழியில் வேலை செய்கிறது, கல்லீரலில் சிதைகிறது. ஆனால் மனத்தை விட்டுவைப்பதும் இல்லை: ஆரம்பகால ஆய்வுகளில் 170 பேரில் 5 பேருக்குப் பிரமை வந்தது. இரத்த அழுத்தத்தைத் தள்ளிவிடும். சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தால் அதுவும் தேங்கும். திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும். எல்லாவற்றையும்விட, சிப்ரோஃப்ளாக்சசினோடு அதைச் சேர்க்கவே கூடாது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அந்த ஆன்டிபயாடிக் அடிக்கடி எழுதப்படுகிறது, முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அந்தத் தொற்று அடிக்கடி வருகிறது. இரண்டும் சேர்ந்தால் டிசானிடின் அளவு இரத்தத்தில் பல மடங்கு ஏறும். ஒரு மாத்திரையே மிகையாகிவிடும்.

டயசெபம் பழக்கமாகும், முதியவர்களைக் கீழே விழவைக்கும். பகல்நேர மருந்தாக நான் அதைப் பரிந்துரைக்கச் சொல்ல மாட்டேன். ஒரு கை, ஒரு கால் மட்டும் இறுகியிருந்தால் போட்டாக்ஸ் ஊசி நல்லது. மருந்து அந்தத் தசையோடு நின்றுவிடுகிறது, மூளையைத் தொடுவதில்லை. செலவும், சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போடவேண்டியதும்தான் தடை. பிசியோதெரபியும் நீட்டல் பயிற்சியும் எந்த மருந்தோடும் சேர்ந்தே இருக்க வேண்டியவை.

சிறுநீரகம் சரியாக இருந்து, இரண்டு கால்களும் இறுகி, வேறெதுவும் உதவவில்லை என்றால் பாக்லோஃபெனே இன்னும் நல்ல மருந்துதான், அதை நான் பேயாகக் காட்ட விரும்பவில்லை. 5 மி.கி.யில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை மெதுவாக ஏற்றுவது வழக்கம். ஏற்றும் ஆசைக்கு எல்லை வேண்டும் என்பதற்கு பிரான்ஸ் ஒரு பாடம். ஒலிவியே அமெய்சன் என்ற இதய மருத்துவர் தன் குடிப்பழக்கத்தை மிக உயர்ந்த பாக்லோஃபென் அளவால் வென்றதாக 2005-இல் எழுதிய பிறகு, ஆயிரக்கணக்கானோர் அந்த வழியில் போனார்கள். 2014-இல் அந்நாட்டு மருந்து முகமை நாளுக்கு 300 மி.கி. வரை தற்காலிகமாக அனுமதித்தது. உயர்ந்த அளவுகளில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடுவதைக் காப்பீட்டு ஆவணங்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியதும், 2017-இல் 80 மி.கி.க்கு இறக்கியது. 2018-இல் கிடைத்த முறையான அனுமதியும் அந்த 80-ஐத் தாண்டவில்லை.

தொடங்கும் முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டவேண்டிய கழிவின் இரத்த அளவு) மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒல்லியான 75 வயது அம்மாவுக்கு கிரியேட்டினின் 1.4 என்று வந்தால் 'கொஞ்சம்தான் கூட' என்று தோன்றும். வயதைச் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (பரிசோதனைத் தாளில் eGFR என்று வருவது) 40-க்கும் கீழே நிற்கும். அந்தத் திறன் 30-க்குக் கீழே போனவருக்கு பாக்லோஃபென் வேண்டாம். 30-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பவருக்கு அளவைக் குறைத்து, முதல் வாரம் வீட்டில் ஒருவர் அவர் பேச்சைக் கவனிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தண்ணீர் குடிக்காமல் கிடந்த நாட்களில் நல்ல சிறுநீரகமும் தற்காலிகமாகத் தளரும். அந்த நாட்களில் மருத்துவரை அழைத்து அளவைக் கேளுங்கள்.

நிறுத்தும் முடிவு வந்தால், நாட்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் படிப்படியாக. முன்பு ஒருமுறை வேண்டுமென்றே விழுங்கியவர் வீட்டில் இருந்தால், மாதத்துக்கு வாங்கி வைக்காமல் வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வெட்டித் தருவார்கள். அந்த அட்டை அவர் கையில் இல்லாமல் உங்கள் அலமாரியில் இருக்கட்டும், வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.